இரண்டாயிரத்து ஐந்நூறு வரட்டும்

2024 அக்டோபர் 9, புதன்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது, வடக்கிலிருந்து வரும் வாடை இன்னும் தொடங்கவில்லை. தெருமுனை வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உப்பு விலையைப் பற்றி ஒரு கருத்தைப் பதிவு செய்தேன். நேரத்தை நினைவிலிருந்து சொல்லவில்லை, கைபேசி குறித்து வைத்திருக்கிறது. நாம் சொன்னதை இத்தனை நாள் கழித்தும் நிமிடக் கணக்கோடு எடுத்துக் காட்டுகிற சாதனம் நல்லதா கெட்டதா என்று இந்த ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு எழுபத்து நான்கு வயது. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவதுதான் வேலை. கப்பல்காரன் சார்பில் ஒருவன் எண்ணுவான், கரை சார்பில் நான் எண்ணுவேன். பிறகு கண்டெய்னர் வந்தது. பெட்டிக்கு முத்திரை வைத்து அனுப்புகிறான், இந்தப் பக்கம் கேமரா எண்ணைப் படித்துக்கொள்கிறது, உள்ளே எத்தனை மூட்டை என்று யாரும் பார்ப்பதில்லை. ஓய்வு பெற்றுப் பதினாறு வருடமாகியும் எண்ணும் பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. கடற்கரைச் சாலையில் நின்றால் வெளியே நங்கூரம் போட்ட கப்பல்களை எண்ணுவேன். காற்றாலை இறக்கைகளை ஏற்றிக்கொண்டு போகும் நீள லாரிகளை எண்ணுவேன். ஓர் இறக்கை வளைவில் திரும்பப் பதினோரு நிமிடம், அதுவரை பின்னால் முப்பது நாற்பது வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். நாடு முன்னேறுவதை இந்த ஊரில் அப்படி நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

காலையில் தேநீர்க் கடையில் மூன்று பேர் கூடுவோம். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், உப்புத் தரகர் ஒருவர், நான். கடையில் பணம் வந்தால் அறிவிக்கும் சிறிய ஒலிப்பெட்டி ஒன்று இருக்கிறது. "பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது" என்று ஒரு பெண்குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டே தேநீர் குடிப்பேன். கடைக்காரர் ஒருநாள் என்னிடம், "அண்ணாச்சி, அது வேலைய நீங்க பாக்குதியளா, ஒங்க வேலைய அது பாக்குதா?" என்று கேட்டார்.

வங்கிக்காரருக்கு என்னைச் சீண்டாவிட்டால் பொழுது விடியாது.

"வே, உம்ம கணக்குல நாம எப்ப வல்லரசு ஆவோம்?"

"மொதல்ல ரோடு போடட்டும். எங்க வீட்டுல இருந்து இங்கன வாரதுக்குள்ள இருவத்திமூணு குழி."

"நேத்து இருவத்திரெண்டுன்னீரு."

"ராத்திரியோட ஒண்ணு கூடிட்டு."

இப்படித்தான் பேசுவோம். கார் தொழிற்சாலை வந்ததும் நிலத்தின் விலை எகிறியது, குலசேகரன்பட்டினத்திலிருந்து ராக்கெட் விடப்போவது, செங்கடலில் சண்டை என்று கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போவது, கணினியே கட்டுரை எழுதுவது, தங்கம் ஏறுவது. எதைப் பற்றியும் எங்களுக்கு ஒரு கருத்து இருந்தது. எதைப் பற்றியும் எங்கள் கருத்தை யாரும் கேட்கவில்லை. அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்திருந்தேன்.

தேநீர்க் கடையில் பேசியதை வீட்டுக்கு வந்து சுருக்கமாகக் குழுவில் போடுவது வழக்கம். வாயால் சொன்னால் கைபேசியே தட்டச்சு செய்துகொள்கிறது, நான் ஒற்றெழுத்துகளைத் திருத்தினால் போதும். குழுவில் முப்பத்தொரு பேர் இருக்கிறோம். வாசிப்பவர்கள் ஒன்பது பேர் இருக்கலாம். அன்று தேநீர்க் கடைக்குப் போவதற்கு முன்பே, முந்தைய நாள் தொலைக்காட்சியில் பார்த்த சூட்டோடு எழுதினேன். வடக்கே குஜராத்தில் மழை நின்றபாடில்லை, அங்கே உப்பு எடுப்பது தள்ளிப்போகும், எல்லோரும் தெற்கே வாங்க வருவார்கள், இப்போது டன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு விற்பவன் அவசரக்காரன், கிறிஸ்துமஸுக்கு முன் இரண்டாயிரத்து ஐந்நூறு வரும் என்று. பதினோரு பேர் கட்டைவிரல் போட்டார்கள். அதுவரை நான் எழுதிய எதற்கும் ஆறுக்கு மேல் விழுந்ததில்லை.

அந்தப் பதினொன்றில் ஒன்று என் தங்கையுடையது.

அவள் கீழவைப்பார் பக்கம் ஆறு ஏக்கர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறாள். கணவர் நான்கு வருடத்துக்கு முன் இறந்தபோது நாங்கள் எல்லோரும் விட்டுவிடச் சொன்னோம். அவள் விடவில்லை. விடியுமுன் அளத்துக்குப் போய் ஆட்களோடு நின்று வேலை வாங்குகிறாள். குத்தகைப் பணம் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை ஒவ்வொரு வருடமும் தை முதல் தேதி ஒரே தவணையில் கட்டிவிட வேண்டும். ஒருநாள் பிந்தினாலும் பக்கத்து அளக்காரருக்குக் கொடுத்துவிட நிலத்துக்காரர் தயாராக இருந்தார். பக்கத்து அளக்காரர் இரண்டு வருடமாகவே அதற்காகக் காத்திருந்தார். அந்தப் பருவத்தில் எடுத்த உப்பையெல்லாம் விற்று, கூலியும் மின்கட்டணமும் கொடுத்து முடித்த பிறகு, அவளிடம் மிச்சம் இருந்தது ஓர் அம்பாரம்தான். நூற்று இருபது டன். குத்தகைக்கான பணமே அந்தக் குவியல்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கருத்தை எழுதும்போது அவள் அம்பாரம் என் நினைவில் இல்லை. நான் நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி எழுதினேன்.

ஒரு வாரம் கழித்துத் தேநீர்க் கடையில் தரகர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க தங்கச்சி சரக்கு குடுக்க மாட்டேங்காவ. ஆயிரத்தித் தொள்ளாயிரம்னு பேசி, லாரியும் சொல்லியாச்சு. எங்கண்ணன் பொறுக்கச் சொல்லிருக்காவன்னு சொல்லுதாவ."

வங்கிக்காரர் சிரித்தார். "வே, நம்ம பேச்சையும் கேக்க ஒரு ஆளு இருக்கு பாத்தீரா!"

அப்போதே நான் அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஏளா, அது தேநீர்க் கடைப் பேச்சு, நீ உன் கணக்கைப் பார்த்து முடிவு செய் என்று ஒரு வாக்கியம் போதும். எனக்கு ஏற்பட்டதோ மகிழ்ச்சி. அப்பா இருந்த காலத்திலேயே யார் பேச்சையும் கேட்காதவள், என் பேச்சைக் கேட்டு லாரியைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். தரகரிடம், "நல்லதுதான செஞ்சிருக்கா" என்றேன். அவர் தேநீரை முடித்துவிட்டு, "மழ வருது அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிப் போனார்.

விலை ஏறவும் செய்தது. அதுதான் இன்னும் கெடுதலாகப் போயிற்று. நவம்பர் 18 அன்று டன் இரண்டாயிரத்து நூற்று ஐம்பது. அன்று மதியம் தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே ஏறிட்டு. விக்கட்டுமா?"

"ஏன், அவசரமா?"

"அவசரம்லாம் இல்ல. தையில குத்தக இருக்குல்லா. மழ வேற சாயங்காலமாச்சுன்னா மூடிக்கிட்டு வருது."

"இப்ப வித்தா ரெண்டு லட்சத்தி அம்பத்தெட்டாயிரம். ரெண்டாயிரத்தி ஐநூறு வந்தா மூணு லட்சம். நாப்பத்திரெண்டாயிரம் வித்தியாசம். ரெண்டு வாரம் பொறுளா."

"அப்ப ஓல போட்டு மூடிருதேன். ஆள் கூலியோட பதினாலாயிரம் கேக்கான்."

மழைக்காலத்துக்கு முன் அம்பாரத்தைப் பனையோலை வேய்ந்து மூடுவது அங்கே எல்லோரும் செய்வது. அக்டோபர் முடிவதற்குள் சுற்றுவட்டாரம் முழுக்க மூடியிருப்பார்கள். லாரி வரப்போகிறது என்று இவள் மூடாமல் விட்டிருந்தாள். நான் சொன்னதால் லாரி வரவில்லை. இப்போது மூடட்டுமா என்று கேட்கிறாள். நான் என்ன செய்தேன் என்றால், கணக்குப் போட்டேன். பதினான்காயிரத்தை நூற்று இருபதால் வகுத்தால் டன்னுக்கு நூற்றுப் பதினாறு ரூபாய் அறுபத்தாறு காசு. இரண்டு வாரத்தில் விற்கப்போகும் சரக்குக்கு அவ்வளவு செலவு எதற்கு? கைபேசியில் வானிலையைப் பார்த்தேன். மழை வாய்ப்பு நாற்பது விழுக்காடு என்று போட்டிருந்தது. அப்படியென்றால் பத்தில் ஆறு பங்கு மழை இல்லை என்று அவளுக்கு விளக்கினேன்.

"பழைய தார்ப்பாய் ரெண்டு கெடக்கு, அத மேல போட்டுக்கிடுதேன்" என்றாள்.

"அது போதும்" என்றேன்.

அந்த அம்பாரத்தை நான் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அது மேட்டில் இருக்கிறதா, லாரி ஏற்ற வசதியாகப் பாதையோரப் பள்ளத்தில் இருக்கிறதா, தார்ப்பாய் எத்தனை அடி, ஒன்றும் எனக்குத் தெரியாது. முப்பத்து நான்கு வருடம், கண்ணால் காணாத ஒரு மூட்டைக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

டிசம்பர் 2 அன்று விலை இரண்டாயிரத்து இருநூற்று எண்பது. அவள் கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டு, இன்னும் பத்து நாள் என்றேன். அவள் சரி என்றாள். அந்தச் சரியில் இருந்த தயக்கம் எனக்குக் கேட்டது. கேட்காதது போல வங்கி வட்டி குறையப்போவதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டு வைத்தேன்.

டிசம்பர் 12 வியாழக்கிழமை பிடித்த மழை வெள்ளி மாலைதான் முழுதாக விட்டது. எங்கள் வீட்டு மாடி நான்கு இடத்தில் ஒழுகும். அன்று ஏழு இடத்தில் ஒழுகியது. பாத்திரங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே மணிக்கு ஒருமுறை தங்கைக்கு அடித்தேன். முதல் நாள் மாலை நான்கு மணிக்கு ஒருமுறை எடுத்தாள். காற்றிலும் மழையிலும் பாதிதான் கேட்டது. "தார்ப்பாய் பறந்துட்டு... ஆள் யாரும் வரமாட்டேங்கான்..." அதற்குப் பிறகு இணைப்பு கிடைக்கவில்லை. எத்தனை முறை அடித்தேன் என்று கைபேசி காட்டுகிறது. பத்தொன்பது.

சனிக்கிழமை காலை பேருந்தில் போனேன். கீழவைப்பாருக்குள் பேருந்து போகவில்லை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ஆட்டோ. வழி நெடுக அளங்களில் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் ஒரே தண்ணீர். ஓலை வேய்ந்த அம்பாரங்கள் நனைந்து கறுத்து, அடியில் கொஞ்சம் கரைந்து, ஆனாலும் நின்றுகொண்டிருந்தன. நான் எண்ணிக்கொண்டே போனேன். இருபத்தாறு. இருபத்தேழாவது என் தங்கையுடையதாக இருக்க வேண்டும்.

அது பாதையோரப் பள்ளத்தில்தான் இருந்தது. பாதி நனைந்த சர்க்கரையைப் போலச் சரிந்து, ஓரமெல்லாம் சேறு ஏறிக் கிடந்தது. நீளத்தை அடி வைத்து அளந்தேன். முன்பு முப்பத்திரண்டு காலடி இருந்திருக்கும், அடித்தடம் தெரிந்தது. இப்போது பதினொன்று. தங்கை முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூடையில் சேறு படாத உப்பைத் தனியே அள்ளி மேட்டில் கொட்டிக்கொண்டிருந்தாள். கூட ஒரே ஒரு பெண் ஆள்.

"வாங்கண்ணே. செருப்பக் கழட்டிட்டு வாங்க, வழுக்கும்" என்றாள்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவளே பேசினாள்.

"ராத்திரி முழுக்க நின்னு பாத்தேன். மேல பெய்யுத மழை இல்லண்ணே, கீழ வந்த தண்ணிதான். வடக்க கர ஒடச்சிட்டு. அடியில அரிச்சுக்கிட்டு போயிட்டு. பாத்துக்கிட்டே இருக்கேன், எறங்கிக்கிட்டே இருக்கு."

"ஓல போட்டிருந்தா?"

"பக்கத்து அளத்துல நிக்கிதுல்லா. ஓலைய வேஞ்சி, சுத்தி மண் அணச்சிருப்பாவ. பாதிக்கு மேல நின்னுருக்கும்."

அந்தக் கூலிப்பெண் நிமிர்ந்து, "இவியதான் அந்த வெல சொன்ன அண்ணனா?" என்று கேட்டாள். தங்கை அவளை ஓர் அதட்டு அதட்டினாள். அந்தப் பெண் மறுபடி அள்ளக் குனிந்தாள். கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் கூடையை எடுக்கக் குனிந்தேன். இரண்டு கூடைக்கு மேல் முடியவில்லை. மேட்டில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் அள்ளுவதை எண்ணினேன். எண்ணுவதைத் தவிர என்னால் அங்கே வேறு எதற்கும் பயனில்லை.

சேறு கலந்தது போக முப்பத்து நான்கு டன் தேறியது. அதையும் நல்ல உப்பு என்று யாரும் எடுக்கவில்லை. தரகர்தான் கருவாட்டுக்காரர்களுக்குப் பேசி டன் ஆயிரத்து நூறுக்குத் தள்ளிவிட்டார். முப்பத்து ஏழாயிரத்து நானூறு ரூபாய். கமிஷன் எடுத்துக்கொள்ளவில்லை. தேநீர்க் கடையில் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வங்கிக்காரரும் ஒரு வாரம் என்னைச் சீண்டவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அந்த ஒரு வாரமும் ஒலிப்பெட்டிதான் பேசியது.

அந்த மாதம் உப்பு விலை எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். மழையில் பலருக்கும் கரைந்துவிட்டதால் டிசம்பர் 23 அன்று இரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பது. நான் சொன்னது சரியாக நடந்தது. அதை நான் குழுவில் எழுதவில்லை.

தை பிறக்க இருபது நாள் இருந்தது. மனைவியிடம் சொல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. மாடிக்குத் தளஓடு பதிக்க என்று இரண்டு லட்சம் ரூபாய் வங்கியில் வைப்புத்தொகையாகக் கிடந்தது, இருவர் பேரிலும். நான் சுற்றி வளைத்துப் பேச ஆரம்பித்ததும் அவள் நிறுத்தினாள்.

"தங்கச்சிக்குத்தான? எடுத்துக் குடுங்க. நாலு வருஷமா ஒழுகுது, இன்னும் ஒரு வருஷம் ஒழுகட்டும்."

"அவ கேக்கல. நானாத்தான்..."

"அவ கேப்பாளா? டிவியில ராத்திரியும் பகலும் உக்காந்து பேசுதானே, ஒருத்தனாவது சொன்னதுக்குக் காசு குடுத்துருக்கானா? நீங்க ஒருத்தர்தான் குடுக்குதிய. அந்தமட்டுக்கு நல்லதுதான்."

பாராட்டா ஏச்சா என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் விளக்கவில்லை.

பணத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவது தடவை போனேன். அக்டோபரில் தரகர் பேசிய விலையில் நூற்று இருபது டன்னுக்கு இரண்டு லட்சத்து இருபத்தெட்டாயிரம். அதில் தேறியது போக, நட்டம் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்து அறுநூறு. அந்தத் தொகையைத் தாளில் எழுதி அவள் முன் வைத்தேன். அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தாள்.

"இது வேண்டாம்ணே."

"ஏன்?"

"நீங்க குரூப்புல பொதுவா எழுதுனிய. லாரியத் திருப்பி விட்டது நானு. ஓல போட ஒங்கள்ட்ட கேட்டதும் நானு. நாலு வருஷமா அளத்துல நிக்கேன், எனக்குத் தெரியாதா ஓல போடணும்னு? பதினாலாயிரம் மிச்சம்னு எனக்கும் ஆச வந்துட்டு."

"கேட்டப்ப வேண்டாம்னு சொன்னவன் நாந்தானளா?"

"சரி, பாதி உங்களது. அதுக்காக எல்லாத்தையும் நீங்க தூக்கிச் சொமக்கணுமா?"

சந்தையில் பணம் கொடுப்பவன் இறக்குவான், பணம் வாங்குபவன் ஏற்றுவான். நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் தலைகீழாகப் பேரம் பேசினோம். நான் ஏற்றினேன், அவள் இறக்கினாள். நடுவில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பணத்தை நட்டத்துக்காக வாங்க மாட்டேன், அளத்தில் பங்கு என்று போடுங்கள், அடுத்த பருவத்தில் வரும் லாபத்தில் உங்களுக்கும் உண்டு என்றாள்.

நான் மறுத்தேன். பங்கு என்று போட்டால் அது முதலீடு. முதலீடு என்றால் நான் மறுபடியும் விலையைப் பார்ப்பேன், வானத்தைப் பார்ப்பேன், இவளைக் கூப்பிட்டு விற்காதே என்பேன். அதைச் சொல்லவும் செய்தேன். அவள் சிரித்துவிட்டாள். அந்த மழைக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"அப்ப செலவுன்னே எழுதிக்கிடுங்க, சாமி."

கடைசியில் ஒத்துக்கொண்டோம். குத்தகைக்குக் குறைவதை நான் தருவது. பருவம் தொடங்குமுன் பாத்தி சீர்செய்ய ஆகும் நாற்பத்தெட்டாயிரத்தை அவள் எப்படியாவது பார்த்துக்கொள்வது. எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

தை முதல் தேதி மூன்றாவது தடவையாகப் போய், நிலத்துக்காரர் வீட்டு வாசல்வரை அவளோடு நடந்தேன். உள்ளே அவள் மட்டும் போனாள். வாசலில் பக்கத்து அளக்காரரின் மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. கால்மணி நேரத்தில் ரசீதோடு வெளியே வந்தாள். முழுத்தொகையும் ரொக்கமாக எண்ணிக் கொடுத்ததாகவும், நிலத்துக்காரர் இரண்டு தடவை எண்ணியதாகவும் சொன்னாள். அளம் இன்னொரு வருடத்துக்கு அவளுடையது. திரும்பி வரும்போது ஆட்களுக்கு எப்போது சொல்ல வேண்டும், மோட்டாருக்கு என்ன பழுது என்று பேசிக்கொண்டே வந்தாள். நான் எதற்கும் கருத்துச் சொல்லவில்லை. களைப்பாக இருந்தது.

குத்தகைக்குக் குறைந்தது ஒரு லட்சத்து நாற்பத்து இரண்டாயிரத்து அறுநூறு. வைப்புத்தொகையைத் தவணைக்கு முன்பே எடுத்ததில் வங்கி பிடித்துக்கொண்டது இரண்டாயிரத்து முந்நூற்று எண்பது. மூன்று தடவை போய்வரப் பேருந்துக் கட்டணம் இருநூற்றுப் பத்து. முதல் தடவை ஆட்டோவுக்கு நூற்று ஐம்பது. ஆக மொத்தம் ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.